வார்டில் ஒட்டிய இன்ஃபோகிராபிக் ஐசியூவைக் குற்றவாளி ஆக்கிவிட்டது. எங்கே தப்பு?

இரவுப்பணி:

வணக்கம். நான் மருத்துவமனையில் தொற்றுக் கட்டுப்பாட்டுச் செவிலியர். வார்டு வார்டாகப் போய், யாருக்குக் கதீட்டர் (சிறுநீர்ப்பையில் செருகும் குழாய்) போட்டிருக்கிறது, எத்தனை நாளாக இருக்கிறது, காய்ச்சல் உண்டா, சிறுநீர் கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) என்ன வந்தது என்று குறித்துவைப்பது என் வேலை. இந்தக் கணக்கெல்லாம் மூன்று வருடமாக ஒரு எக்செல் கோப்பில் கிடந்தது. மாதக் கூட்டத்தில் அட்டவணையாகத் திரையில் போடுவேன். எல்லாரும் தலையாட்டிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார்கள்.

கதீட்டரைத் தொடுகிறவர்கள் கண்ணில் இது படவேண்டும் என்று நினைத்து இந்த முறை ஒரு இன்ஃபோகிராபிக், அதாவது எண்களைப் படமாகக் காட்டும் சுவரொட்டி, செய்தேன். டியூட்டி முடிந்து இரண்டு வாரம் உட்கார்ந்தேன். இலவச டெம்ப்ளேட், ஏ3 தாள். நடுவில் ஆறு வார்டுகளுக்கு ஆறு நிறத்தில் ஒரு முப்பரிமாண பை சார்ட், அதாவது துண்டுதுண்டாகப் பிரித்த வட்டம். சுற்றிலும் கிருமிப் படங்கள். தொற்று அதிகமான வார்டுக்குப் பெரிய கிருமி, குறைந்த வார்டுக்குச் சின்னக் கிருமி. கீழே கை கழுவும் படம், 11 எண்கள், வலது மூலையில் எந்த நிறம் எந்த வார்டு என்ற குறிப்பு. பார்க்க அழகாக இருந்தது என்று இன்றும் சொல்வேன்.

ஒட்டிய முதல் நாளே மூன்று விஷயம் நடந்தது. ஐசியூவில் வேலை பார்க்கும் ஓர் இளம் செவிலியர் அதன் முன்னால் நின்று பார்த்தார். பாதி வட்டத்தை அடைத்துக்கொண்டு சிவப்பாக ஐசியூ. "அப்போ நாங்கதான் மோசமா, சிஸ்டர்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அந்தச் சிவப்பை நான் தேர்ந்தெடுக்கவில்லை, டெம்ப்ளேட்டில் முதல் நிறம் அது. அடுத்து ஒரு வார்டு உதவியாளர், தன் வார்டு எது என்று என்னிடம் கேட்டார். அவருக்குச் சிவப்பும் பச்சையும் ஒரே மாதிரி தெரியுமாம். மூன்றாவதாக ஒரு மருத்துவர், "சரி, போன வருஷத்துக்குக் குறைஞ்சிருக்கா, கூடியிருக்கா?" என்றார். படத்தில் அதற்குப் பதிலே இல்லை.

அன்று மாலையே கழற்றிவிட்டேன். அந்தச் செவிலியரின் முகம் மட்டும் மனதைவிட்டுப் போகவில்லை. அந்த யூனிட்டில் எவ்வளவு கவனமாக வேலை செய்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும்.

எண்கள் இவை. உண்மை எண்களை வெளியில் தரக்கூடாது என்பதால் மாற்றி, ஒப்பீடு மட்டும் கெடாமல் தருகிறேன். ஒரு வருடத்துக்கு, கதீட்டரால் வந்த சிறுநீர்த் தொற்று:

ஐசியூ: 18 தொற்று, 4500 கதீட்டர் நாள்
அறுவை சிகிச்சை: 9 தொற்று, 1500 நாள்
ஆண்கள் பொது மருத்துவம்: 6 தொற்று, 2000 நாள்
பெண்கள் பொது மருத்துவம்: 4 தொற்று, 2000 நாள்
எலும்பு: 2 தொற்று, 800 நாள்
காது மூக்கு தொண்டை: 1 தொற்று, 100 நாள்

ஒரு நோயாளிக்கு ஒரு நாள் கதீட்டர் இருந்தால் அது ஒரு கதீட்டர் நாள். பத்துப் பேருக்கு ஒரு நாள் இருந்தால் பத்து.

அடுத்த மாதக் கூட்டத்துக்குள் சரியான ஒன்றை ஒட்டவேண்டும். பை சார்ட்டே கூடாதா? ஆயிரம் நாளுக்கு இத்தனை என்பதை, படித்தவர் படிக்காதவர் எல்லாருக்கும் புரிகிற மாதிரி எப்படிக் காட்டுவது? இல்லை, படமே வேண்டாம், நாலு வரி எழுதி ஒட்டினால் போதுமா?


கோட்டுச்சித்திரம்:

சிஸ்டர், நான் ஒரு நாளிதழின் படப் பிரிவில் 17 வருடம் வரைபடம் போட்டவன். நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். வரையும்போது நடந்த தப்பு கொஞ்சம்தான். பெரிய தப்பு அதற்கு முன்பே நடந்துவிட்டது.

பை சார்ட் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும்: மொத்தத்தில் யாருடைய பங்கு எவ்வளவு? உங்கள் மொத்தம் 40. அதில் ஐசியூ 18, அதாவது 45 சதவீதம். படம் பொய் சொல்லவில்லை. ஆனால் உங்கள் வார்டில் அந்தக் கேள்வியை யாருமே கேட்கவில்லையே. செவிலியர் கேட்டது "நாங்கள் எப்படிச் செய்கிறோம்?" மருத்துவர் கேட்டது "குறைந்திருக்கிறதா?" கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிற படத்தைப் பார்க்கிறவர், அதைத் தன் கேள்விக்கான பதிலாகவே எடுத்துக்கொள்வார். அந்தச் செவிலியருக்கு நடந்தது இதுதான்.

இப்போது நாளால் வகுத்துப் பாருங்கள். ஆயிரம் கதீட்டர் நாளுக்கு ஐசியூ 4, அறுவை சிகிச்சை 6, ஆண்கள் மருத்துவம் 3, எலும்பு 2.5, பெண்கள் மருத்துவம் 2. ஐசியூவின் துண்டு பெரிதாக இருப்பதற்குக் காரணம், அங்கே கிட்டத்தட்ட எல்லாருக்கும் கதீட்டர் இருப்பது. மொத்தக் கதீட்டர் நாள் 10,900. அதில் 4500 ஐசியூவுடையது. அதிகம் வண்டி ஓடுகிற சாலையில் அதிகம் விபத்து நடப்பது மாதிரி. சாலை மோசமா என்று பார்க்க வண்டிகளின் எண்ணிக்கையால் வகுத்துத்தானே ஆகவேண்டும்?

அடுத்தது கண். 1984-இல் வில்லியம் கிளீவ்லேண்ட், ராபர்ட் மெக்கில் என்ற இரண்டு புள்ளியியலாளர்கள், மனிதர்கள் வரைபடத்திலிருந்து அளவை எவ்வளவு சரியாகப் படிக்கிறார்கள் என்று சோதித்துப் பார்த்தார்கள். ஒரே அளவுகோலில் எந்த இடத்தில் புள்ளி இருக்கிறது என்பதைத்தான் கண் மிகச் சரியாகப் படிக்கிறது. அதற்கு அடுத்தது நீளம். கோணம், பரப்பு என்று போகப்போகத் தடுமாற்றம் கூடும். பை சார்ட்டில் கண்ணுக்குக் கிடைப்பது கோணமும் பரப்பும். அதை முப்பரிமாணமாகச் சாய்த்தால், முன்பக்கம் இருக்கிற துண்டு அதன் அளவைவிடப் பெரிதாகத் தெரியும். உங்கள் ஐசியூ துண்டு முன்பக்கம்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

கிருமிப் படத்திலும் இதே சிக்கல். 9-க்கு ஒரு கிருமி வரைந்து, 18-க்கு அதை இரண்டு மடங்கு உயரமாக்கினால் அகலமும் சேர்ந்து இரண்டு மடங்காகும். பரப்பு நான்கு மடங்கு. பார்க்கிறவர் மனதில் பதிவது அந்த நான்குதான். 1920-களில் வியன்னாவில் ஓட்டோ நியூராத்தும் அவருடைய குழுவும், பொருளாதாரக் கணக்குகளை எளிய மக்களுக்குப் படமாகக் காட்ட ஒரு முறையை உருவாக்கினார்கள். அதன் முதல் விதி, எண்ணிக்கை கூடினால் படத்தைப் பெரிதாக்காமல் அதே அளவுப் படத்தை இன்னொன்று பக்கத்தில் வைப்பது. எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம், ஏமாற வழியில்லை.

நிறத்தைப் பற்றி ஒரு அனுபவம் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் மழை அளவு வரைபடம் ஒன்று போட்டேன். மழை கூடக்கூட சிவப்பு அடர்த்தியாகும்படி. குறிப்பில் தெளிவாக எழுதியும் இருந்தேன். மறுநாள் காலையிலிருந்து போன். நல்ல மழை பெய்த ஊரில் வறட்சி என்று போட்டுவிட்டீர்களே என்று. குறிப்பை யாரும் பார்க்கவில்லை, சிவப்பைப் பார்த்தார்கள். சிவப்பு என்றால் ஆபத்து என்று மனம் முதலிலேயே முடிவு செய்துவிடுகிறது. அன்றிலிருந்து, எதைப் பார்க்கவேண்டுமோ அதற்கு மட்டும் ஒரு நிறம், மற்றதெல்லாம் சாம்பல் என்றுதான் தொடங்குகிறேன். குறிப்புப் பெட்டியும் வைப்பதில்லை, பெயரைப் புள்ளியின் பக்கத்திலேயே எழுதிவிடுவேன். அந்த உதவியாளர் தன் வார்டைத் தேடி அலைந்திருக்கமாட்டார்.

இனி செய்யவேண்டியது. கம்ப்யூட்டரைத் திறக்காதீர்கள். ஒரு வெற்றுத் தாளில் பென்சிலால் ஒரு வாக்கியம் எழுதுங்கள்: இதைப் பார்க்கிற ஒருவர் வீட்டுக்குப் போய்ச் சொல்லவேண்டிய ஒரே விஷயம் என்ன? அந்த வாக்கியம் வராதவரை படம் வராது. வந்துவிட்டால் அதுவே தலைப்பு. "கதீட்டர் தொற்று விவரம்" என்பது தலைப்பு அல்ல, கோப்பின் பெயர்.

உங்களிடம் மாதவாரிக் கணக்கு இருக்கிறதா? அந்த மருத்துவரின் கேள்வி எனக்கு முக்கியமாகப் படுகிறது.


சாம்பல்நிறம்:

எனக்கும் சிவப்பும் பச்சையும் பிரியாது. வடக்கு ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறக்குறைய நூற்றுக்கு 8 பேர் இப்படி. மற்ற மக்களிடம் இந்த அளவு கூடலாம் குறையலாம், ஆனால் எந்தப் பெரிய பணியிடத்திலும் எங்களில் ஒருவர் இருப்பார். அந்த உதவியாளர் வாய்விட்டுக் கேட்டது பெரிய விஷயம், முக்கால்வாசிப் பேர் கேட்கமாட்டோம், புரிந்த மாதிரி நகர்ந்துவிடுவோம்.

ஒரு எளிய சோதனை. ஒட்டுவதற்கு முன்னால் கறுப்பு வெள்ளையில் ஒரு நகல் எடுங்கள். அதிலும் படம் புரிந்தால் எனக்கும் புரியும். நீலமும் ஆரஞ்சும் சேர்ந்தால் எனக்குச் சிக்கல் இல்லை.


எண்ணும்புள்ளியும்:

கோட்டுச்சித்திரம் சொன்னதில் வகுத்துப் பார்ப்பது வரை எனக்கு முழுச் சம்மதம். ஆனால் அந்த எண்களை அப்படியே வரிசைப்படுத்தி ஒட்டினால், ஐசியூ மேல் இருந்த பழி அறுவை சிகிச்சை வார்டு மேல் போய் விழும். அதற்குமுன் கொஞ்சம் நில்லுங்கள், சிஸ்டர்.

காது மூக்கு தொண்டை வார்டிலிருந்து தொடங்குகிறேன். அவர் அதைப் பட்டியலில் விட்டுவிட்டார். 100 நாளில் ஒரு தொற்று, அதாவது ஆயிரத்துக்கு 10. வரைந்தால் எல்லாரையும்விட மேலே நிற்கும். அந்த ஒருவருக்குத் தொற்று வராமல் இருந்திருந்தால் பூஜ்யம், இன்னொருவருக்கு வந்திருந்தால் 20. ஒரே ஒரு நோயாளியால் கடைசி இடத்துக்கும் முதல் இடத்துக்கும் நடுவே தாவுகிற எண்ணை வைத்து ஒரு வார்டை எடைபோட முடியாது. மருத்துவமனை முழுக்கச் சராசரி ஆயிரத்துக்கு 3.67. இந்த வார்டும் அதே சராசரியில்தான் இருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், 100 நாளில் குறைந்தது ஒரு தொற்று வர ஏறத்தாழ பத்தில் மூன்று வாய்ப்பு இருக்கிறது.

ஐசியூவுக்கு அதே கணக்கைப் போடுங்கள். சராசரிப்படி 4500 நாளில் எதிர்பார்க்கக்கூடியது 16 அல்லது 17 தொற்று. வந்தது 18. அவ்வளவுதான் வித்தியாசம். அங்கே படுத்திருப்பவர்கள் உடல்நிலை மிக மோசமானவர்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்தச் செவிலியரைக் கூப்பிட்டு இந்தக் கணக்கைக் காட்டவேண்டியது உங்கள் கடமை என்றே சொல்வேன்.

அறுவை சிகிச்சை வார்டில் எதிர்பார்ப்பு 5 அல்லது 6, வந்தது 9. கூடுதல்தான். ஆனால் தற்செயலாகவே 9 அல்லது அதற்கு மேல் வர ஏறத்தாழ பத்தில் ஒரு வாய்ப்பு உண்டு. ஆறு வார்டை ஒரே நேரத்தில் பார்க்கும்போது ஏதாவது ஒன்று இப்படி மேலே நிற்பது அதிசயம் இல்லை. போய் விசாரித்துப் பார்க்க இது போதுமான காரணம். சுவரில் ஒட்டிக் கைகாட்டப் போதாது.

ஆகவே வார்டுக்கு ஒரு புள்ளி வைத்து ஒப்பிடும் படம் கூட்டத்துக்கு மட்டும் இருக்கட்டும். அதிலும் ஒவ்வொரு புள்ளியின் பக்கத்திலும் "1500 நாளில் 9" என்று மூல எண்களை எழுதுங்கள். காது மூக்கு தொண்டைக்கு உள்ளே நிரப்பாத வெற்றுப் புள்ளி வையுங்கள்.

சுவருக்கு மாதக் கோடுதான் சரி. கணக்கு வைத்திருப்பீர்கள், தாருங்கள்.


இரவுப்பணி:

மூவருக்கும் நன்றி. 16 அல்லது 17 எதிர்பார்த்த இடத்தில் 18 என்பதைப் படித்ததும் கண் கலங்கிவிட்டது. நாளைக்கே அவரைப் பார்க்கிறேன்.

மாதக் கணக்கு இருக்கிறது. மொத்த மருத்துவமனைக்கும் ஜனவரி முதல் ஜூன் வரை 5400 நாளில் 27 தொற்று. ஜூலை முதல் டிசம்பர் வரை 5500 நாளில் 13. இதை இப்படிப் பிரித்துக் கூட்டிப் பார்த்ததே இன்றுதான். ஜூலையில் ஒன்று தொடங்கினோம்: காலை ரவுண்டில் ஒவ்வொரு கட்டிலிலும் "இந்தக் கதீட்டர் இன்றைக்கும் வேண்டுமா?" என்று செவிலியரே கேட்பது. வேண்டாம் என்றால் அன்றே எடுத்துவிடுவது.

இரண்டு சந்தேகம். வார்டுவாரியாக எழுதிய தாளில் தொற்று வந்த மாதங்களை மட்டும்தான் எழுதியிருக்கிறேன். ஒன்றும் வராத மாதத்துக்கு வரியே இல்லை. அது பரவாயில்லையா? இன்னொன்று, மேலே இருப்பவர்களுக்கு அந்தப் பழைய வண்ணப் படம் பிடித்திருக்கிறது. கோடு போட்டால் மிகச் சாதாரணமாக இருக்கிறதே என்பார்கள்.


எண்ணும்புள்ளியும்:

பரவாயில்லை என்று சொல்லவே மாட்டேன். பூஜ்யமும் ஒரு அளவீடு.

1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் ஏவிய 73 விநாடிகளில் சிதறியது, ஏழு பேர் இறந்தார்கள். ராக்கெட்டின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் குளிரில் விறைத்துப்போனது காரணம். முந்தைய இரவு பொறியாளர்கள் சிலர் ஏவவேண்டாம் என்று வாதாடினார்கள். குளிருக்கும் வளையப் பாதிப்புக்கும் தொடர்பு உண்டு என்பதை அவர்களால் எதிரில் இருந்தவர்களுக்கு நிறுவ முடியவில்லை. பிறகு விசாரணைக் குழு தன் அறிக்கையில் இரண்டு வரைபடங்களை அடுத்தடுத்து வைத்தது. பாதிப்பு ஏற்பட்ட பயணங்களை மட்டும் வெப்பநிலைக்கு எதிரே வைத்தால், புள்ளிகள் இங்கும் அங்குமாகச் சிதறிக் கிடக்கின்றன, ஒன்றும் தெரியவில்லை. பாதிப்பே இல்லாத பயணங்களையும் சேர்த்தால் உடனே தெரிகிறது. 66 பாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் நடந்த 20 பயணங்களில் 3-இல்தான் பாதிப்பு. 63-உம் அதற்குக் கீழும் நடந்த நான்கிலும் பாதிப்பு. படத்தை மாற்றியது பிரச்சினை எதுவும் இல்லாத பயணங்கள்தான்.

உங்கள் தொற்று வராத மாதங்கள் அப்படிப்பட்டவை. எல்லாவற்றையும் எழுதுங்கள்.

இப்போது கோடு. 5400-இல் 27 என்றால் ஆயிரத்துக்கு 5.0. 5500-இல் 13 என்றால் 2.4. பாதிக்கும் கீழே! இந்தச் செய்தி உங்கள் கோப்பிலேயே இருந்திருக்கிறது. பை சார்ட் இரண்டு அரையாண்டுகளையும் ஒரே வட்டத்துக்குள் கலந்துவிட்டதால் யாருக்கும் தெரியவில்லை.

12 மாதம், 12 புள்ளி, அவற்றை இணைக்கும் கோடு. முதல் 6 மாதத்தின் இடைநிலை மதிப்பை (சிறிதிலிருந்து பெரிதாக அடுக்கினால் நடுவில் வருவது) கண்டுபிடித்து, அந்த உயரத்தில் ஒரு மெல்லிய கிடைக்கோட்டை டிசம்பர் வரை இழுங்கள். அதற்குப் பிறகு தொடர்ந்து 6 அல்லது அதற்கு மேற்பட்ட புள்ளிகள் ஒரே பக்கம் விழுந்தால், அது மாதாமாதம் வருகிற சாதாரண ஏற்ற இறக்கம் இல்லை என்று எடுத்துக்கொள்வது மருத்துவமனைத் தர மேம்பாட்டில் வழக்கமான விதி. ஒரு மாதம் கூடியதும் திட்டுவது, ஒரு மாதம் குறைந்ததும் பாராட்டுவது, இரண்டையும் இது நிறுத்தும். ஜூலையில் ஒரு செங்குத்துக் கோடு போட்டு "தினமும் கேட்கத் தொடங்கினோம்" என்று எழுதுங்கள். "இதனால்தான் குறைந்தது" என்று எழுதாதீர்கள். எப்போது குறைந்தது என்பது மட்டும்தான் படத்துக்குத் தெரியும்.

அச்சு பூஜ்யத்தில் தொடங்கட்டும். கோட்டு வரைபடத்துக்கு அது கட்டாயம் இல்லை, பட்டைக்குத்தான் கட்டாயம், ஏனென்றால் பட்டையின் நீளமே அளவு. ஆனால் உங்கள் விஷயத்தில் பூஜ்யம்தான் போய்ச் சேரவேண்டிய இடம், அது கண்ணில் தெரியவேண்டும்.


பாடக்குறிப்பு:

நான் செவிலியர் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். "சாதாரணமாக இருக்கிறது" என்ற கவலைக்காக எழுதுகிறேன்.

சிஸ்டர், நீங்கள் செய்வது நம் தொழிலின் மிகப் பழைய வேலைகளில் ஒன்று. பிரிட்டன் ரஷ்யாவோடு மோதிய கிரிமியப் போர் முடிந்து வந்த பிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1858-இல் வெளியிட்ட வரைபடத்தை என் மாணவிகளுக்குப் பாடத்தின் முதல் நாளே காட்டுவேன். வில்லியம் ஃபார் என்ற புள்ளியியலாளரோடு சேர்ந்து கணக்கை ஆராய்ந்தார். இரண்டு மலர்போன்ற உருவங்கள், ஒவ்வொன்றிலும் மாதத்துக்கு ஒரு இதழாக 12. நீலம் தடுத்திருக்கக்கூடிய நோயால் வந்த சாவு, சிவப்பு காயத்தால் வந்தது, கறுப்பு மற்ற காரணம். 1855 ஜனவரியில் மட்டும் நோயால் 2761 பேர், காயத்தால் 83 பேர். எதிரியின் குண்டைவிட நம் மருத்துவமனையின் சாக்கடை அதிகம் பேரைக் கொல்கிறது என்பதை அந்த நீலம் ஒரு பார்வையில் சொல்லிவிடுகிறது. வலது உருவத்தில் 1854 ஏப்ரல் முதல் 1855 மார்ச் வரை. அந்த மார்ச்சில் சுகாதாரக் குழு போய்ச் சேர்ந்து சாக்கடையைச் சுத்தம் செய்யத் தொடங்கியது. இடது உருவத்தில் அடுத்த 12 மாதங்கள், இதழ்கள் சுருங்கிக்கொண்டே போகும். உங்கள் ஜூலைக் கோட்டின் இடம் அந்த மார்ச்தான்.

இன்றைய அளவுகோலில் அந்தப் படத்தில் குறை உண்டு. பரப்பை ஒப்பிடச் சொல்கிறது, கோட்டுச்சித்திரம் சொன்னபடி அது கண்ணுக்குக் கஷ்டம். ஆனால் அவர் செய்த ஒரு காரியத்தை நீங்களும் செய்யவேண்டும். படத்தை எப்படிப் படிப்பது, எந்த நிறம் எது, எங்கிருந்து அளப்பது என்று முழு வாக்கியங்களாகப் படத்தின் மேலேயே எழுதிவைத்தார். பார்க்கிறவர் தானாகப் புரிந்துகொள்வார் என்று விடவில்லை. நீங்கள் "நாலு வரி எழுதினால் போதுமா" என்று கேட்டீர்களே, அந்த நாலு வரி படத்துக்குள்தான் இருக்கவேண்டும்.


கோட்டுச்சித்திரம்:

மேலே இருப்பவர்களுக்கு இரண்டு படத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டுங்கள். ஒவ்வொன்றும் ஐந்து விநாடி. காட்டி மறைத்துவிட்டு, "என்ன பார்த்தீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். எங்கள் அலுவலகத்தில் அச்சுக்குப் போகும் ஒவ்வொரு படத்துக்கும் இந்தச் சோதனை நடக்கும். விஷயமே தெரியாத ஒருவரை, கணக்குப் பிரிவிலிருந்தோ வாசலிலிருந்தோ கூப்பிட்டு வருவோம். அவர் நிறத்தைச் சொன்னால் படம் தோற்றது. செய்தியைச் சொன்னால் அச்சுக்குப் போகும்.

அந்த வார்டு உதவியாளரிடமே முதலில் காட்டுங்கள்.


இரவுப்பணி:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

முதல் வரைவை அந்த உதவியாளரிடம் காட்டினேன். தலைப்பு: "ஜூலைக்குப் பிறகு கதீட்டர் தொற்று பாதிக்கும் கீழே இறங்கியது". நீலக் கோடு, சாம்பல் கிடைக்கோடு. ஐந்து விநாடி கழித்துக் கேட்டேன். "ஜூலைக்கு அப்புறம் கொறஞ்சிருக்கு" என்றார். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அப்புறம் அவரே கேட்டார்: "ஆயிரம் கதீட்டர் நாள்னா என்ன சிஸ்டர், மூணு வருஷமா?"

நியாயமான கேள்வி. ஆயிரம் நாள் என்றால் யாருக்கும் மூன்று வருடம் என்றுதான் தோன்றும். வாய்மொழியாக விளக்கிப் பார்த்தேன், சரியாக வரவில்லை. வார்டிலேயே நின்று யோசித்ததில் ஒன்று பிடிபட்டது. பத்துக் கட்டிலில் கதீட்டர் இருக்கிறது, அப்படியே நூறு நாள் போகிறது. பத்தும் நூறும் பெருக்கினால் ஆயிரம். அதை அப்படியே படத்தின் ஓரத்தில் எழுதினேன்: "பத்துப் பேருக்குக் கதீட்டர் இருக்கும் வார்டில், நூறு நாளில், முன்பு 5 பேருக்குத் தொற்று வந்தது. இப்போது 2 அல்லது 3 பேருக்கு." பக்கத்தில் ஒரே அளவில் சின்னச் சின்ன மனித உருவங்கள், மேல் வரிசையில் ஐந்து, கீழ் வரிசையில் இரண்டரை. அரை உருவம் கொஞ்சம் விகாரமாக இருந்தது, ஆகவே மூன்றாவதை வெற்றுக் கோட்டால் மட்டும் வரைந்தேன். இந்த முறை அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை, பக்கத்தில் இருந்தவருக்கு அவரே விளக்கினார்.

கறுப்பு வெள்ளை நகல் எடுத்துப் பார்த்தேன். புரிந்தது.

ஜூலை முதல் டிசம்பர் வரை ஆறு புள்ளியும் கிடைக்கோட்டுக்குக் கீழேதான். அக்டோபர் மட்டும் கோட்டுக்குச் சற்றே கீழே, மிக அருகில் நிற்கிறது. அதை நகர்த்தாமல் அப்படியே விட்டிருக்கிறேன்.

கூட்டத்தில் ஐந்து விநாடிச் சோதனை செய்தேன். பழைய படத்துக்கு இரண்டு பேர் "ஐசியூ" என்றார்கள், ஒருவர் "கிருமி" என்றார். புதியதற்கு எல்லாருமே "குறைந்திருக்கிறது" என்றார்கள். அதற்குமேல் அழகைப் பற்றி யாரும் பேசவில்லை. வார்டு ஒப்பீட்டைத் தனித்தாளாக அங்கே மட்டும் காட்டினேன். அறுவை சிகிச்சை வார்டின் பொறுப்புச் செவிலியர் அதைப் பார்த்துவிட்டு அவராகவே சொன்னார், அங்கே சனி ஞாயிறுகளில் அந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இல்லை என்று. நான் கைகாட்டியிருந்தால் இதைச் சொல்லியிருப்பாரா என்று தெரியாது. வார இறுதிக்கு ஓர் ஏற்பாடு யோசிக்கிறோம்.

ஐசியூ செவிலியரை முதல் நாளே போய்ப் பார்த்தேன். பதினாறு, பதினேழு, பதினெட்டு என்று கையில் எழுதிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், கோடு டிசம்பரோடு நிற்கவேண்டாம், தாளில் அடுத்த மாதங்களுக்கும் இடம் விடுங்கள் என்றார். விட்டிருக்கிறேன். ஜனவரிக் கணக்கு நேற்று முடிந்தது, 950 நாளில் 2 தொற்று. 2.1 என்ற இடத்தைத் தேடிப் பிடித்து, அந்தப் புள்ளியை அவரே பேனாவால் வைத்தார்.